மெழுகினோம், கழுவினோம், இப்போது துடைக்கிறோம்

எழுபத்திரண்டு வயதில் வீடு துடைக்கக் கற்றுக்கொண்டவன் மல்லாங்கிணற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக முப்பத்து நான்கு வருடம் ஊரார் கட்டிய தரைக்கெல்லாம் மட்டம் பார்த்திருக்கிறேன். என் வீட்டுத் தரையில் ஒரு நாள் ஈரத்துணி வைத்ததில்லை. அது பெண்கள் வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமலே வந்துவிடும் பாடங்களில் அதுவும் ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் வீட்டம்மா வழக்கம்போல வாளித் தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்து ஹாலில் ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்து, வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது. எடுக்கத் திரும்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. மதுரைக்குக் கொண்டு போனோம். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிவு. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். அந்தப் பெரிய டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் டைல்ஸா?" என்பதுதான். ஆமாம் என்றேன். "எதைப் போட்டுத் துடைப்பீர்கள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மருமகள்தான், "அத்தை துடைக்க மாட்டாங்க டாக்டர், கழுவித்தான் விடுவாங்க" என்று பதில் சொன்னாள்.

கழுவுவதற்கும் துடைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். என் ஆயுளில் எங்கள் வீட்டுத் தரை இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தரைக்கும் ஒரு வினைச்சொல் இருந்திருக்கிறது. மண் தரையை மெழுகினோம். சிமெண்டுத் தரையைக் கழுவினோம். டைல்ஸ் தரையைத் துடைக்க வேண்டும். தரையை மாற்றிய நாம் வினையை மாற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் உங்களுக்கும் பயன்படும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இது இராமநாதபுரம் மாவட்டம். எங்கள் வீடு மண் சுவர், பனங்கை, கூரை. நம் பக்கம் கரிசல் பூமி என்பது உங்களுக்குத் தெரியும். மல்லியும் பருத்தியும் விளைய அது தங்கம். வீடு கட்ட அது சத்துரு. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதனால் வீட்டுக்குள் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, சரளையும் செம்மண்ணும் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குவார்கள். அதன் மேல் சாணி மெழுக்கு.

மெழுகுவது என் அப்பத்தாவின் வேலை. செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்கு முன்னால் சாணியைக் கரைப்பாள். பண்டிகை நாளில் வைக்கோல் கரியைக் கொஞ்சம் சேர்ப்பாள். தரை கருநீலமாக வரும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கை அரைவட்டமாகப் போய் வர, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசல் வரை வருவாள். காய்ந்த பிறகு பார்த்தால் தரை முழுக்கப் பிறை பிறையாகக் கோடுகள் இருக்கும். அந்தப் பிறைகளின் அளவை வைத்தே மெழுகியது அப்பத்தாவா, அத்தையா என்று சொல்லிவிடலாம். ஒரு சட்டித் தண்ணீரில் மொத்த வீடும் முடியும். கிணற்றில் இறைத்துச் சுமந்துவந்த தண்ணீர், அதற்கு மேல் யார் செலவழிப்பார்கள்? அந்தத் தரையில் யாரும் வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. மண் ஈரத்தைக் குடித்துவிடும்.

மெழுகுதல் என்ற வேலை எவ்வளவு பழையது என்று தேடினால் சங்க காலத்துக்கே போய்விடுகிறோம். புறநானூற்றின் 249ஆவது பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி அவனுக்குச் சோறு படைப்பதற்காக முறம் அளவு இடத்தை மட்டும் சாணத்தால் மெழுகுகிறாள். அதற்குத் தண்ணீராக ஆனது அவள் கண்ணீர். பிறகு பக்தி காலத்தில் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுக்கிட்டதைப் பெரியபுராணம் சொல்கிறது. கோயில் தரையை மெழுகும் பணிக்கென்று விடப்பட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் திருமெழுக்குப்புறம் என்றே பெயர் உண்டு. தரையைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நிலம் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் அப்பத்தாவுக்கு யாரும் ஒரு குழி நிலம் எழுதவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சாணி மெழுகிய தரைதான் ஆரோக்கியம், சாணி ஒரு கிருமிநாசினி என்று நம் வயதுக்காரர்கள் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கால்நடைச் சாணத்தில் ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் பூசும் பழக்கத்தால் எத்தனை ஊரில் எத்தனை குழந்தைகள் ஜன்னி கண்டு போயின என்பது மருத்துவம் அறிந்தது. மெக்சிகோ நாட்டில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏழை வீடுகளின் மண் தரையை எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரை போட்டுக்கொடுத்தது அரசாங்கம். பிறகு ஆய்வாளர்கள் போய்க் கணக்கெடுத்தார்கள். வீடு முழுவதும் சிமெண்டு போட்டால் சிறு குழந்தைகளின் வயிற்றுப் பூச்சித் தொல்லை 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், ரத்தசோகை 81 சதவீதமும் குறையும் என்று கண்டார்கள். நம் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வயிறு முன்தள்ளி நின்றதை நினைத்துப் பாருங்கள். மண் தரையின் குளிர்ச்சியை நானும் நினைத்து ஏங்குகிறேன். அதற்காக அது நல்ல தரை ஆகிவிடாது.

பணக்கார வீடுகளின் கதை வேறு. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் அரைத்துப் போட்ட தரை, கடப்பாக்கல், பட்டியக்கல் எல்லாம் பேட்டைக் கடைக்காரர் வீடுகளில் உண்டு. செட்டிநாட்டில் இங்கிலாந்து டைல்ஸ், ஜப்பான் டைல்ஸ், இத்தாலி மார்பிள் என்று கப்பலில் இறக்கினார்கள். கூடவே அவர்கள் மண்ணிலேயே செய்ததுதான் ஆத்தங்குடிக் கல். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆத்தங்குடியில் இறங்கிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, வர்ணம் கலந்த சிமெண்டுக் கூழைப் பூப்போட ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவை வைத்து அமுக்கி எடுக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் வேகவைப்பது கிடையாது. அதன் பளபளப்பு கண்ணாடியிடம் வாங்கிய பளபளப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க ஏறும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். நாம் பார்க்கப்போகும் இன்றைய டைல்ஸுக்கு நேர் எதிர் இது. இன்றைய டைல்ஸ் கடையில் வாங்கும் நாளில்தான் அதிகப் பளபளப்பு, பிறகு இறங்குமுகம்தான்.

எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தரை மாறியது சிமெண்டால்தான். 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே துலுக்கபட்டியில், இன்று ஆர்.ஆர். நகர் என்கிறோமே, அங்கே சிமெண்டு ஆலை வந்தது. பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடந்ததால் வந்த ஆலை. கரிசலுக்கு அடியில் இப்படி ஒரு சொத்து இருப்பது அதுவரை மாடு மேய்த்தவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஆலை பக்கத்தில் இருந்தால் மூட்டை கையில் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அப்போது சிமெண்டு கட்டுப்பாட்டுப் பொருள். பெர்மிட் வாங்க வேண்டும். பத்து மூட்டைக்கு மனுப் போட்டு நாலு மூட்டைக்கு உத்தரவு வாங்கி, அதற்கும் நாலு நடை நடந்தவர்களை நான் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். 1982 பிப்ரவரியில் பாதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1989 மார்ச்சில் முழுவதுமாக எடுத்தார்கள். நம் ஊர்களில் எண்பதுகளில் திடீரென்று ஓட்டு வீடெல்லாம் மெத்தை வீடானதற்கு வளைகுடாப் பணமும் தீப்பெட்டிப் பணமும் மட்டும் காரணமில்லை, இந்த இரண்டு உத்தரவுகளும் காரணம்.

எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை 1971இல் போட்டது. சிவப்புப் பொடி கலந்த சிமெண்டுப் பாலை ஊற்றி, கொத்தனார் மணியாசைக் கட்டையாலும் பிறகு கரண்டியாலும் நாள் முழுக்கத் தேய்த்தார். என் அம்மா அதில் முகம் பார்த்தாள். அதற்கு முன் அவளுக்கு வாய்க்காத ஒரு சுகம் அந்தத் தரையில் இருந்தது. தண்ணீர் ஊற்றலாம்! குடம் குடமாக ஊற்றலாம், மண் கரையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டையே குளிப்பாட்டினோம். வீட்டுப் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள்.

தொழில்காரனாக ஒரு விவரம் சொல்கிறேன், கவனியுங்கள். அந்தக் காலத்துக் கொத்தனார் சிமெண்டுத் தரையை மட்டமாகப் போட மாட்டார். ஒரு மூலைக்கு வாட்டம் கொடுப்பார். பத்தடிக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அந்த மூலையில் சுவரின் அடியில் ஒரு துவாரம், வெளியே ஒரு சின்னத் தூம்பு. ஊற்றிய தண்ணீர் தானாக அங்கே ஓடும். மீதியை விளக்குமாற்றால் தள்ளினால் போதும். ஆகக் கழுவுதல் என்பது வெறும் பழக்கம் அல்ல. தரையின் அமைப்பே அதற்காகத்தான். சிமெண்டுத் தரை மண் அளவுக்கு இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். தேய்த்த கரண்டியின் சொரசொரப்பும் கொஞ்சம் இருக்கும். என் வீட்டம்மா 1978இல் வாழ வந்தது இந்தத் தரைக்குத்தான். இருபத்தாறு வருடம் அதைக் கழுவினாள்.

நடுவில் மொசைக் வந்து போனது. எண்பதுகளில் அரசாங்கக் கட்டடம், கல்யாண மண்டபம், கொஞ்சம் வசதியான வீடு எல்லாம் மொசைக். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து, இயந்திரக் கல்லால் அரைத்து, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி தூவித் தேய்த்து மெருகேற்றுவார்கள். "ஆசிட் போட்டால் தரை பளபளக்கும்" என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் வேர்விட்டது அந்த மொசைக் காலத்தில்தான் என்பது என் அனுமானம். ஆக்ஸாலிக் ஆசிட் வேறு, கடையில் கேன்களில் விற்ற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேறு என்று யார் பிரித்துச் சொன்னார்கள்? இரண்டுக்கும் பெயர் ஆசிட்.

இனி டைல்ஸ். இந்தியாவில் ஜான்சன் கம்பெனி 1958இல் வந்துவிட்டாலும் அது பட்டணத்துக் குளியலறைச் சுவர்களில்தான் இருந்தது. எண்பதுகளில் ஸ்பார்ட்டெக், ஏனாமில் ரீஜென்சி, வடக்கே கஜாரியா என்று வரிசையாக ஆலைகள் வந்தன. நம் தெற்குச் சீமையில் கொஞ்ச காலம் எந்த டைல்ஸைப் பார்த்தாலும் ஸ்பார்ட்டெக் என்றுதான் சொல்வார்கள், வனஸ்பதியை டால்டா என்பதுபோல. ஏனாம் ஆலை 2012 ஜனவரியில் நடந்த தொழிலாளர் கலவரத்தில் இரண்டு பக்கமும் உயிர் போய், எரிந்து, மூடப்பட்டது. அதற்கு முன்பே சந்தை குஜராத்தின் மோர்பிக்குப் போய்விட்டிருந்தது. மோர்பி என்றால் நம்மில் பலருக்கு 1979 ஆகஸ்டில் மச்சு அணை உடைந்து ஊரே போன செய்திதான் நினைவிருக்கும். அந்த ஊர் எழுந்து, கூரை ஓடும் சுவர்க் கடிகாரமும் செய்து, பிறகு நூற்றுக்கணக்கான சூளைகளோடு நாட்டுக்கே தரை போடும் ஊராக ஆனது. அதற்கும் ஒரு விலை இருந்தது. நிலக்கரி வாயு உலைகளின் மாசு தாங்காமல் 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை நிறுத்தச் சொன்னது. களிமண் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகிப் போகும் நோய் அங்கே வேலை செய்பவர்களுக்கு உண்டு. கந்தகத் தூசியோடு வாழும் நம் சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் 2004இல், மகன் முதல் சம்பளச் சேமிப்பில், சிவப்புத் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினான். எனக்குச் சிவப்புத் தரையைக் கொத்த மனமில்லை. அதனால் மேலே ஒட்டச் சொன்னேன். ஒட்டியவர் வெளியூர்ப் பையன், நல்ல வேலைக்காரன். நீர்மட்டம் வைத்து வீடு முழுவதும் ஒரே சீராக ஒட்டினான். மூலையில் இருந்த தூம்புத் துவாரத்தை, "இது எதுக்கு சார், பல்லி வரும்" என்று கலவை வைத்து அடைத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் வாட்டம் பார்த்த ஓவர்சியர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு அழகாக வந்துகொண்டிருந்தது, அந்த மயக்கம்.

டைல்ஸ் என்பது என்ன? களிமண்ணையும் வேறு தாதுக்களையும் அமுக்கி, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, 1,100 டிகிரிக்கு மேல் வேகவைத்தது. நாம் நடப்பது கண்ணாடியின் மேல். சாதாரணத் தரை டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு தண்ணீர் குடிக்கும், அதுவும் அடிப்பக்கத்தால்தான். விட்ரிஃபைடு என்று இப்போது போடுகிறார்களே, அது அரைப் பங்குகூடக் குடிக்காது. மண் தரை குடித்த தண்ணீரை இது எங்கே வைக்கும்? மேலேயே வைக்கும், நம் பாதத்துக்கும் தனக்கும் நடுவே. அதில் சோப்புத் தூளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் வீட்டம்மாவின் இடுப்பில் உள்ள கம்பி சொல்லும்.

வாட்டம் இல்லாத, துவாரம் இல்லாத தரையில் அவள் பதினெட்டு வருடம் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். தள்ள இடமில்லாத தண்ணீர் இணைப்புகளில் நின்று காய்ந்தது. நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காயும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளையை எடுக்கத்தான் எல்லா வீட்டிலும் ஆசிட் வந்தது.

எங்கள் வீட்டிலும் வந்தது. துப்புரவுக்கு வந்த ஒருவர் கேனைத் திறந்து ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது, வெள்ளை போய்விட்டது. எங்களுக்கு மகிழ்ச்சி. ஆறு மாதத்தில் டைல்ஸ் இணைப்புகளில் இருந்த வெள்ளைச் சிமெண்டு பொடிப்பொடியாக வர ஆரம்பித்தது. பள்ளத்தில் அழுக்கு சேர்ந்து கறுத்தது. அதை எடுக்க மறுபடி ஆசிட். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளையில் பெரும்பகுதி சுண்ணாம்பு. பந்தல்குடியில் வெட்டி எடுத்து ஆர்.ஆர். நகரில் வேகவைத்துச் சிமெண்டு ஆக்குவதும் சுண்ணாம்புக்கல்தான். ஆசிட்டுக்கு இரண்டும் ஒரே சாதி. கறையை மட்டும் தின்று சிமெண்டை விட்டுவை என்றால் அதற்குத் தெரியாது. இணைப்பு அரித்த வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒன்றிரண்டு டைல்ஸ் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கின்றன.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை நானே செய்தேன். கக்கூஸ் தரையில் ஆசிட் ஊற்றிவிட்டு, இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். இரண்டு நொடியில் மூக்கில் நெருப்பு வைத்ததுபோல் ஆகிவிட்டது. இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். அன்று ராத்திரி முழுக்க நெஞ்சு கட்டியிருந்தது. அந்த இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு ஊரில் ஜெர்மானியப் படை எதிரிகளின் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றோட்டமில்லாத, நாலுக்கு நாலு கக்கூஸில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில்கூட இருக்க வேண்டாம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பெண்கள் மீது ஆசிட் வீசும் கொடுமையைத் தடுப்பதற்காக, வாங்குபவர் விவரம் பதியாமல் ஆசிட் விற்கக் கூடாது என்றது. வேறு காரணத்துக்காக வந்த உத்தரவுதான், ஆனால் அதனால் தரைகளும் கொஞ்சம் பிழைத்தன.

இப்போது நான் துடைக்கும் முறையைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் புல் துடைப்பத்தால் மணல் ஒரு பொட்டு இல்லாமல் கூட்ட வேண்டும். கண்ணாடிப் பூச்சைக் கீறுவது மணல்தான். என் மைத்துனர் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் இருந்தவர். அங்கே மருந்து அறைத் தரையில் மணல் கிடந்தால் உராய்ந்து பொறி பறந்துவிடும் என்று கூட்டிக்கொண்டே இருப்பார்களாம். நான் கூட்டுவதைப் பார்த்து, "மாப்பிளே, எங்க ஃபோர்மேன் தோத்தார்" என்றார். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் தரை துடைக்கும் மருந்து, அரை மூடி போதும். கூடினால் படலம் கட்டி வழுக்கும். இன்னொன்றில் வெறும் தண்ணீர், துணியை அலச. துணியை ஒட்டப் பிழிய வேண்டும். துடைத்த பாதை இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். காயாவிட்டால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். கடைசியில் ஒரு உலர்ந்த துணி. இந்தக் கடைசித் துணிதான் முக்கியம். தரையில் தண்ணீர் நின்று காயவிடாவிட்டால் வெள்ளை பூப்பதே இல்லை. வெள்ளை பூக்காவிட்டால் ஆசிட்டுக்கு வேலை இல்லை. பழைய வெள்ளைக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து தொட்டு, ஐந்து நிமிடத்துக்குள் வழித்துவிடுகிறேன். அதுவும் ஆசிட்தான், சாது ஆசிட். இணைப்பில் ஊறவிடக் கூடாது. சோப்புத் தூளை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. நம் உப்புத் தண்ணீரில் கரைத்தால் பாதி அலசலில் போகாமல் தரையிலேயே தங்கிவிடுகிறது.

குளியலறை டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானது போட்டிருக்கிறேன். ஜெர்மனிக்காரர்கள் ஒரு சரிவுப் பலகையில் எண்ணெய் ஊற்றி, ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறான் என்று பார்த்து டைல்ஸுக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். கடைக்காரரிடம் இந்த எண்ணைக் கேட்டேன். "சார், டிசைன் நம்பரா?" என்றார். அட்டைப்பெட்டியைப் புரட்டி நானேதான் தேடிப் பார்த்தேன். வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பூவைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பார்க்கட்டும்.

மாப் வாங்கியதற்கும் ஒரு கதை உண்டு. நீளக் கட்டையில் நூல் தலையும், பிழியும் வாளியும் சேர்ந்த அந்தச் சாதனம் பரவியது ஸ்பெயினில் மானுவேல் ஹாலோன் என்ற விமானப் பொறியாளரால், 1956 வாக்கில். அதுவரை அந்த ஊர்ப் பெண்களும் மண்டியிட்டுத்தான் தரை தேய்த்தார்களாம். விமானத்தைச் செப்பனிடுபவருக்குத் தோன்றியது, தரைக்கு மட்டம் பார்த்த எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மகள் பத்து வருடத்துக்கு முன்பே ஒன்று வாங்கிக் கொடுத்தாள். வீட்டம்மா அதை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள். "குனிஞ்சு தொடச்சாத்தான் அழுக்குத் தெரியும், நின்னுக்கிட்டுத் தொடைக்கிறது சோம்பேறி வேலை" என்பாள். அப்பத்தா குந்தி நகர்ந்த பிறைக்கோடுகள் அவள் கையிலும் இருந்தன போலும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று தரை பார்த்தவளுக்கு மூன்றாவது தரையின் சட்டத்தை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் வீட்டிலேயே இருந்தான், பேப்பர் படித்துக்கொண்டு.

இப்போது காலை ஆறரைக்கு அந்த மாப்பை எடுக்கிறேன். முதல் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. தெருவில் போகிற சிநேகிதர்கள் எட்டிப் பார்த்து, "என்ன சார், ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் புது போஸ்டிங்கா?" என்று கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை. அதில் ஒருவர் போன மாதம் தன் வீட்டு மாப் தலையை எங்கே மாற்றலாம் என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்.

தூம்புத் துவாரத்தையும் திறந்துவிட்டேன். ஹாலில் அதற்கு இனி வேலை இல்லைதான், வாட்டம் இல்லாத தரையில் தண்ணீர் அங்கே போகாது. இருந்தாலும் இருக்கட்டும் என்று ஒரு கம்பி வலை அடித்து வைத்திருக்கிறேன். அந்த ஓரத்தில் டைல்ஸ் விளிம்புக்கு அடியில் பழைய சிவப்புத் தரை ஒரு விரல் அகலம் தெரிகிறது. வீட்டம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து அதைப் பார்த்தாள். நல்ல சிவப்பு, கொஞ்சமும் மங்கவில்லை என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நான் துடைத்து முடித்த ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பீரோவுக்கு அடியில விட்டுட்டீங்க" என்றாள். விட்டுத்தான் இருந்தேன்.